25 மில்லிமீட்டர் பாலைவனம்

இந்தப் பக்கம் தலைகாட்டி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு. நிஜக் காரணம், போன வருஷம் கோடையில அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து இங்க லெஸ்டருக்கு வந்து அஞ்சு மாசம் இருந்துட்டுப் போனாங்க. அவங்க கிளம்பினதுலேர்ந்து ஒரு விஷயத்தை எழுதணும்னு நினைக்கிறேன், உட்கார்ந்தா கை ஓட மாட்டேங்குது. இன்னிக்கு எப்படியும் எழுதிடறது. விஷயம் என்னன்னா, பொம்மைக்கு மண்ணு ஒட்டுறது. சிரிக்காதீங்கப்பா. முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. மேஜை மேல ஆடுற போர் விளையாட்டுன்னு ஒண்ணு இருக்கு. செஸ் மாதிரி கட்டம் கிடையாது. ஆறடிக்கு நாலடி மேஜையில குன்று, வீடு, முள்வேலி எல்லாம் வெச்சு, ரெண்டு பக்கமும் குட்டிக்குட்டி சிப்பாய்களை நிறுத்தி, டேப்பால அளந்து நகர்த்தி, பகடை உருட்டி சண்டை போடணும். ஒவ்வொரு சிப்பாயும் 28 மில்லிமீட்டர் உயரம். பெட்டியில சாம்பல் கலர் பிளாஸ்டிக்கா வருவான். வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு ஆளாக்கறது நம்ம பொறுப்பு. இங்கிலாந்துல இந்தப் பொழுதுபோக்குக்குத் தலைநகரம் நாட்டிங்காம். கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் எல்லாம் அங்கதான் இருக்கு. எங்க வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. விதி வலியது.

நான் கட்டிக்கிட்டு அழறது 1942 வட ஆப்பிரிக்கா. அதுலயும் 'லாங் ரேஞ்ச் டெஸர்ட் குரூப்'னு ஒரு சின்னப் படை. ரால்ஃப் பேக்னால்டுங்கிற பிரிட்டிஷ் அதிகாரி 1940ல எகிப்துல ஆரம்பிச்சது. செவர்லே லாரிகளை எடுத்துக்கிட்டு எதிரிக்குப் பின்னாடி பல நூறு மைல் பாலைவனத்துக்குள்ள போவாங்க. ரோட்டோரமா ஒளிஞ்சு படுத்து எத்தனை லாரி, எத்தனை டாங்கி போகுதுன்னு எண்ணி வயர்லெஸ்ல சொல்றது முக்கியமான வேலை. நம்மாட்களும் இருந்தாங்க, இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன்னு. பேக்னால்டு சும்மா ராணுவக்காரர் மட்டுமில்ல, மணல் பைத்தியம். காத்துல மணல் எப்படி நகருது, மணல்மேடு எப்படி உண்டாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணி 1941ல ஒரு புத்தகமே போட்டார். இப்படிப்பட்ட மனுஷனோட படையைச் செய்யும்போது மண்ணு விஷயத்துல ஏமாத்தினா அடுக்குமா?

மண்ணு எங்க வருதுன்னு கேக்கறீங்களா? ஒவ்வொரு சிப்பாயும் 25 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டத் தகட்டுமேல நிப்பான். பழைய ஒரு ரூபாய் நாணயம் சைஸ். அதுக்குப் பேரு பேஸ். பிளாஸ்டிக்லயோ எம்.டி.எஃப் பலகையிலயோ வரும். அந்த வட்டத்தை வெறுமனே விட்டா சிப்பாய் பட்டன் மேல ஏறி நிக்கிற மாதிரி இருப்பான். அதுல தரையைக் கொண்டு வரணும். ஆளோட மூஞ்சிய எவ்வளவு அழகா பெயின்ட் அடிச்சாலும், தரை சரியில்லன்னா அவன் எங்கேயும் நிக்கலை, அவ்வளவுதான்.

என் செய்முறை இது. எம்.டி.எஃப் வட்டத்துல பிவிஏ பசையை (நம்ம ஃபெவிகால்தான்) பிரஷ்ஷால பூசணும். குழந்தைங்க விளையாட விக்கிற மணலை டீ வடிகட்டில சலிச்சு ஒரு தட்டுல கொட்டி, அதுல பேஸை அமுக்கி எடுத்து உதறணும். ராத்திரி பூரா காயணும். மறுநாள் ஒரு பங்கு பசைக்கு மூணு பங்கு தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு கலந்து, சொட்டு சொட்டா விட்டா மணல் கெட்டிப்பட்டுடும். சோப்பு எதுக்குன்னா, அது இல்லாட்டி தண்ணி முத்து முத்தா மேலயே நிக்கும், உள்ள இறங்காது. அப்புறம் அடர் பிரவுன் பெயின்ட். அது காஞ்சதும் பிரஷ்ஷுல பெயின்டைத் தொட்டு, காகிதத்துல துடைச்சு, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாத பிரஷ்ஷால மேலாக்கத் தேய்க்கணும். மேடான இடத்துல மட்டும் வெளிர் கலர் பிடிக்கும், பள்ளம் இருட்டாவே இருக்கும். இதுக்குப் பேரு டிரை பிரஷ். டீ வடிகட்டி யாரோடதுன்னு தங்கமணி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலை.

இப்ப அப்பாவுக்கு வருவோம்.

எங்க ஊரு பட்டுக்கோட்டை பக்கம். அப்பா 1980ல ஓமன் போனார். எண்ணெய் தேடுற சர்வே கேம்ப்ல மெக்கானிக். 2002ல திரும்பி வந்தார். நான் பொறந்தது 1981. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒண்ணரை மாசம் லீவுல வருவார். சென்ட் பாட்டில், கோடாலித் தைலம், டார்ச் லைட்டு, டேங்க் பவுடர், எனக்கு ஒரு பொம்மை. மீதி நாளெல்லாம் அவர் ஒரு கேசட். "அம்மா சொல்றதைக் கேக்கணும், நல்லா படிக்கணும், இங்க எல்லாம் சௌகரியம்." நாங்களும் பதிலுக்குப் பேசி அனுப்புவோம். கூட்டிக் கழிச்சுப் பாத்தா எனக்கு இருபது வயசு ஆகிறதுக்குள்ள அவரோட நான் சேர்ந்து இருந்தது ஒண்ணரை வருஷம்கூட வராது.

பள்ளிக்கூடத்துல ஐந்திணை நடத்தும்போது, பாலைக்கு உரிப்பொருள் பிரிவுன்னு மனப்பாடம் பண்ணேன். தலைவன் பொருள் தேடப் போவான், தலைவி காத்திருப்பா. எங்க வீட்டுத் தலைவன் மஸ்கட்டுக்கு விமானத்துல போனார், தலைவிக்கு மாசம் ஒரு டிராஃப்ட் வந்துச்சு. அவர் ஒரேயடியா திரும்பி வந்த வருஷம் ஏதோ ஒரு சின்ன சண்டையில நான் சொல்லிட்டேன்: "நீங்க பணம் அனுப்பினீங்க. வளர்த்தது அம்மா." அப்பா ஒண்ணும் சொல்லலை. செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். அதுக்கப்புறம் எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லை. பேச்சும் பெருசா வந்ததில்லை. போன் பண்ணா ரெண்டு நிமிஷம், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்".

லெஸ்டர்லயும் அப்படித்தான் ஓடிச்சு. அம்மாவுக்கு சமையல்கட்டும் பேரனும் இருந்தாங்க. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ஜூன் மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பாத்துக்கிட்டிருப்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் சாப்பாட்டு மேஜையில பேப்பர் விரிச்சு, பத்துப் பன்னெண்டு பேஸை வரிசையா வெச்சு மஞ்சள் பெயின்ட் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னார்.

"என்னடா தம்பி இது?"

"பாலைவனம்ப்பா."

கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒண்ணைக் கையில எடுத்தார். திருப்பிப் பாத்தார்.

"இதுவா? இது மெரினா பீச்சுடா."

எனக்கு சுருக்குன்னுச்சு. ரெண்டு வாரம் உழைச்சிருக்கேன்! "ஏன்ப்பா, மணல்தானே?"னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்னிக்கு அவர் பேசினது, அதுக்கு முன்னாடி இருபது வருஷம் பேசினதை விட அதிகம்.

முதல் பாடம் கலர். "பாலைவனம் மஞ்சள்னு யாரு சொன்னா? சினிமாக்காரன். காலையில ரோஸு, சாயங்காலம் செம்பு, மத்தியானம் சுண்ணாம்பு. மத்தியானம் கலரே இருக்காது, கண்ணைத் திறக்க முடியாது." நான் 'டெஸர்ட் யெல்லோ'வை ஓரமா வெச்சுட்டு, வலேஹோவோட 'இராக்கி சாண்ட்' எடுத்துத் தேய்ச்சு, அதுக்கு மேல கொஞ்சம் வெள்ளை கலந்து இன்னொரு தடவை தேய்ச்சேன். "இன்னும்"னார். இன்னும் தேய்ச்சேன். "இப்ப வெயில் வந்துடுச்சு"ன்னார். பாத்தா நிஜமாவே வந்திருந்தது.

ரெண்டாவது பாடம் கல்லு. "மணல்மேடு கொஞ்ச இடத்துலதான். நான் இருந்த ஜித்தத் அல் ஹராசிஸ் பூரா சல்லி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டைத் தரை, சல்லி, அவ்வளவுதான். மேல ஒரு வரிசை கல்லு, அடியில மாவு மாதிரி மண்ணு. ஒரு தடவை வண்டி போனா தடம் வருஷக்கணக்கா இருக்கும்." எனக்கு சட்டுன்னு பொறி தட்டிச்சு. எல் அலமெய்ன் பக்கமும் இதே கதைதான். ருவெய்சாத் மேட்டுல பதுங்குகுழி தோண்ட முடியாம சிப்பாய்கள் பாறையோட மல்லுக்கட்டினாங்கன்னு படிச்சிருக்கேன். லிபியாவுல அந்தப் போர்க்கால வண்டித் தடம் இன்னும் அழியாத இடங்கள் இருக்கு. படிச்சும் நான் பீச்சுதான் செஞ்சிருக்கேன்.

இதுல ஒரு கணக்கும் இருக்கு, ராத்திரி உட்கார்ந்து போட்டேன். 28 மில்லிமீட்டர் சிப்பாய்ன்னா நிஜத்துல கிட்டத்தட்ட 56ல ஒரு பங்கு. நான் சலிக்கிற மணல் அரை மில்லிமீட்டர். அதை 56ஆல பெருக்கினா 28 மில்லிமீட்டர். அதாவது அந்தக் குட்டி சிப்பாய்க்கு ஒவ்வொரு மணலும் ஒரு நெல்லிக்காய்! நான் மணல்னு நினைச்சு ஒட்டினது அவன் அளவுக்கு சல்லிதான். ஆக, சல்லித் தரைக்கு மணல் சரி. நிஜமான மணல்மேடு வேணும்னா மணலே உதவாது. சுவர் ஓட்டை அடைக்கிற ஃபில்லரைப் பூசி ஈரவிரலால வழிச்சு விடணும், இல்ல நைஸ் பவுடர் தூவணும். வண்டித் தடம் வேணும்னா ஃபில்லர் ஈரமா இருக்கும்போதே பொம்மை லாரியோட சக்கரத்தை உருட்டி எடுக்கணும். பத்து வருஷமா இந்த வேலை பண்றேன், இந்தக் கணக்கு தோணலை.

மூணாவது பாடம் செடி. காய்ஞ்ச புல்லுக் கொத்து ரெடிமேடா விக்கும், தோணின இடத்துல ஒட்டுவேன். அப்பா சிரிச்சார். "செடி இஷ்டத்துக்கு முளைக்காது. எப்பவோ பெஞ்ச மழையில தண்ணி ஓடின பள்ளத்துல மட்டும்தான் இருக்கும். செடிக்குப் பின்னாடி, காத்து படாத பக்கம் வால் மாதிரி மணல் சேர்ந்திருக்கும். எல்லா வாலும் ஒரே பக்கம் பாக்கும். அதை வெச்சே திசை சொல்லலாம்."

"அப்பா, இவனுங்க ஆட்டத்துல திரும்பிக்கிட்டே இருப்பானுங்க. வால் எல்லாம் ஒரே பக்கம் எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசிச்சார். "அப்ப செடியே வெக்காதே." தீர்ப்பு முடிஞ்சது.

அப்புறம் லாரியைப் பாத்தார். செவர்லே. பக்கவாட்டுல ஓட்டை போட்ட இரும்புப் பட்டை மாட்டியிருக்கும், மணல்ல சக்கரம் புதைஞ்சா அடியில போட்டு ஏத்தறதுக்கு. அதை விரலால தொட்டார். "இது எங்ககிட்டயும் இருந்துச்சே! 42லயேவா? டயர்ல காத்தை இறக்கிட்டு, இதைப் போட்டுத்தான் ஏத்துவோம்." அவரோட மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். பேக்னால்டு ஆட்களும் காத்தை இறக்கித்தான் ஓட்டினாங்கன்னு சொன்னேன். "வேற வழி கிடையாதுடா"ன்னார், ஏதோ அவங்களும் அவரோட கேம்ப்காரங்க மாதிரி.

இப்படி மூணு நாலு வாரம் போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா அவரே பேப்பரை விரிச்சு வெச்சுடுவார். தங்கமணிகூட "மாமா, டீ இங்கயே கொண்டு வரட்டுமா?"ன்னு கேட்டுட்டு, வடிகட்டிய ஒரு முறை முறைச்சுட்டுப் போவாங்க.

ஒரு வாரம் நான் புதுசா ஒண்ணு முயற்சி பண்ணேன். எல் அலமெய்ன்ல சண்டை அவ்வளவு குறுகின இடத்துல நடந்ததுக்குக் காரணம் கட்டாரா பள்ளம். வடக்க கடல், தெற்க இந்தப் பள்ளம், நடுவுல அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். பள்ளம் கடல் மட்டத்துக்குக் கீழ 133 மீட்டர் வரைக்கும் போகும். உப்புச் சேறு. டாங்கி இறங்க முடியாது. அந்த ஓரத்தைச் செய்யலாம்னு கிராக்கிள் பெயின்ட் வாங்கினேன். தடிமனா பூசினா, காயக் காயத் தானே பாளம் பாளமா வெடிக்கும். மெல்லிசா பூசினா சின்னச் சின்ன வெடிப்பு. மேல லேசா வெள்ளை தேய்ச்சா உப்புப் பூத்த மாதிரியே இருக்கும். அச்சு அசலா வந்தது. அதுல நடக்கிற மாதிரி ஒரு சிப்பாயை ஒட்டி, பெருமையா அப்பா முன்னாடி வெச்சேன்.

அவர் தொடவே இல்லை.

"சப்கா"ன்னார். "உப்பு மண்ணு. மேல பாக்க சிமெண்ட் தரை மாதிரி இருக்கும். அடியில கொழகொழன்னு." கொஞ்ச நேரம் கழிச்சு, "இவனை இதுல நிக்க வெக்காதடா."

ஏம்ப்பான்னு கேட்டேன். அம்மா மேல தூங்கப் போயாச்சான்னு பாத்துட்டுச் சொன்னார்.

1988 ஆகஸ்ட். உம் அஸ் ஸமீம் பக்கம் ஒரு கேம்ப்லேர்ந்து இன்னொரு கேம்புக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரு கிளம்பினாங்க. அப்பாவும், டிரைவர் ஒருத்தரும். டிரைவர் கேரளாக்காரர், அப்பாவுக்கு அண்ணன் மாதிரி. குறுக்கு வழின்னு சப்கா ஓரமா போனப்போ வண்டி அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. இரும்புப் பட்டை போட்டா அதுவும் உள்ள போகுது. வயர்லெஸ் எடுக்கலை. ஒரு கேன் தண்ணி. வண்டியை விட்டுப் போகாதேங்கிறதுதான் அங்க முதல் சட்டம். ஆனா கேம்ப் பக்கத்துலதான் இருக்கு, இருட்டினதும் நடந்து போயிடலாம்னு அவர் சொன்னாராம். தண்ணியைப் பாதி பாதியா பிரிச்சாங்க. அப்பா வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டார். அவர் இருட்டற வரைக்கும் பொறுக்காம நாலு மணிக்கே நடக்க ஆரம்பிச்சுட்டார்.

மறுநாள் மத்தியானம் தேடி வந்தாங்க. அப்பாவை முதல்ல கண்டுபிடிச்சாங்க. அவரை நாலு கிலோமீட்டர் தள்ளி.

"கேன்ல தண்ணி மிச்சம் இருந்துச்சுடா"ன்னார் அப்பா. "அதுதான் எனக்கு இன்னிக்கும் புரியலை. தண்ணிய சேத்து வெச்சிருக்கார்."

எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த வருஷம் ஒரு ரிமோட் கார் வந்தது நல்லா ஞாபகம் இருக்கு, யாரோ லீவுல வந்தவர்கிட்ட குடுத்து அனுப்பியிருந்தார். கூடவே கேசட். "இங்க எல்லாம் சௌகரியம்." ரெண்டு நாள்ல கார் ஓடலை. பதில் கேசட்ல நான் அழுதுகிட்டே திட்டினேன்: மட்டமான காரை அனுப்பிட்டீங்கன்னு. அதை அவர் கேம்ப்ல உட்கார்ந்து கேட்டிருப்பார்.

"அம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா திரும்ப அனுப்புவாளா?"

நான் 2002ல சொன்ன வார்த்தைக்கு அன்னிக்கு மன்னிப்பு கேட்டிருக்கணும். கேக்கலை. வாய் வரலை. அவருக்கு அது ஞாபகம் இருக்கான்னும் தெரியலை. கத்தியை எடுத்து அந்த சிப்பாயை பேஸ்லேர்ந்து மெதுவா நெம்பி எடுத்தேன். கால்ல கொஞ்சம் பெயின்ட் போச்சு. வேற ஒரு சல்லி பேஸ்ல ஒட்டினேன். அப்பா பாத்துக்கிட்டே இருந்தார். "அது சரி"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் படுக்கப் போயிட்டார்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின சனிக்கிழமை, அவரே ஒரு பேஸ் செஞ்சார். கை கொஞ்சம் நடுங்கும், பசை விரலெல்லாம். சல்லி ஒட்டினார். நடுவுல மூணு கல்லை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டினார், பெரிசு, நடு, சின்னது. இது என்னப்பான்னேன். "வழி தெரியறதுக்கு. போறவன் அடுக்கி வெச்சுட்டுப் போவான், பின்னாடி வர்றவனுக்கு." பெயின்ட் என்னை அடிக்கச் சொன்னார். மத்தியான வெயில் வர்ற வரைக்கும் தேய்ச்சேன்.

அதுல எந்த சிப்பாயையும் நான் வெக்கலை. எங்க ஆட்டத்துல இலக்குன்னு ஒண்ணு மேஜை நடுவுல இருக்கும், யாரு முதல்ல போய்ச் சேர்றாங்களோ அவங்களுக்குப் புள்ளி. இப்ப அந்த இடத்துல அப்பா செஞ்ச கல்லைத்தான் வெக்கிறேன். கிளப்ல வெள்ளைக்காரப் பெரியவர் ஒருத்தர் எடுத்துப் பாத்துட்டு, தரை ரொம்ப நல்லா வந்திருக்கு, எந்தக் கம்பெனி மணல்னு கேட்டார். மணல் இல்ல, சல்லின்னு சொன்னேன்.

போன்ல இப்பவும் ரெண்டு நிமிஷம்தான். ஆனா "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" சொல்றதுக்கு முன்னாடி, "இந்த வாரம் என்னடா செஞ்சே?"ன்னு ஒரு கேள்வி வருது.

உங்க வீட்டுலயும் கல்ஃப் போயிட்டு வந்தவங்க இருப்பாங்க. எவ்வளவு சம்பாதிச்சாங்கன்னு எல்லாரும் கேட்டிருப்போம். அங்க தரை எப்படி இருக்கும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலை இங்க வந்து சொல்லுங்க, எனக்கு பேஸ் செய்ய உதவும் :-)

பி.கு: தங்கமணிக்குப் புது டீ வடிகட்டி வாங்கிக் குடுத்தாச்சு. பழசு இப்போ அதிகாரப்பூர்வமா என்னோடது.